கண்ணுக்குத் தெரியாத ‘ள’

ஜனவரி 6, திங்கள்

இன்றைக்கு ஒரு மனுஷன் போனில் என்னைத் திட்டினார். மரியாதையாகத் திட்டினார், அதுதான் எரிச்சல்.

“மேடம், நான் எபனேசர் பேசுதேன். பாளையங்கோட்டையில ஹிஸ்டரி வாத்தியாரு. எனக்குக் கண்ணு தெரியாது. போனு வாசிச்சுக் காட்டும், நான் கேப்பேன். ஒங்க பதிப்பகத்துல ஆத்துப் பாலங்களப் பத்தி ஒரு பிடிஎஃப் வாங்குனேன். தொறந்தா ‘எஃப், எச், செமிகோலன், எல்’லுங்குது. தமிழ்ப் புத்தகம்னுதான போட்டிருந்திய?”

“கண்ணுக்கு நல்லாத்தான இருக்கு சார்” என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

“இருக்கும் மேடம். கண்ணு உள்ளவங்களுக்கு.”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது சரி. பழைய எழுத்துருவில் அடித்த பக்கம் வெளியே பார்த்தால்தான் தமிழ். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. இந்தப் பதிப்பகத்தில் பத்தொன்பது வருஷமாக நான் ஒவ்வொரு பக்கமாக வடிவமைத்த புத்தகம் அத்தனையும் இந்த லட்சணம்தான். யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

ஜனவரி 8, புதன்

முதலாளி கோமதிநாயகம் அண்ணாச்சி காலையில் எல்லாரையும் கூப்பிட்டார். எல்லாரும் என்றால் நானும், கணக்குப் பார்க்கிற பரமும்தான். பார்வையற்றவர்களுக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு கேட்பு நூலகம் தொடங்குகிறார்களாம். நம் புத்தகம் முப்பத்தாறு வேண்டுமாம். எல்லாம் போன் வாசிக்கிற மாதிரி பிடிஎஃப்பாக இருக்க வேண்டும். பிப்ரவரி 7ஆம் தேதி அவர்கள் குழு நேரில் வந்து, தாங்களே மூன்று புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துக் கேட்கும். மூன்றும் சரியாக இருந்தால் முப்பத்தாறும் போகும். ஒன்று சொதப்பினாலும் எல்லாம் திரும்பி வரும். குழுவுக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள், அதே எபனேசர் சார்.

“சென்னையில ஒரு கம்பெனி செஞ்சு தாரானாம். அவன்ட்டயே குடுத்திருவோம். இனிமே பக்கம் வடிவமைச்சுப் புத்தகம் கட்டுத வேல மொத்தமும் அங்கனயே போவட்டும்” என்றார் அண்ணாச்சி.

மொத்தமும் என்றால் நானும் சேர்த்தி. அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

“நான் செய்யுதேன் அண்ணாச்சி” என்றேன்.

“முப்பத்தாறையும் நீ எப்பக் கட்டி முடிக்க?”

“நான் கட்டப்போறதில்ல. கம்ப்யூட்டருக்குக் கோடு எழுதுவேன். அது கட்டும்.”

பரமு என்னைப் பார்த்த பார்வையைப் படம் பிடித்து வைத்திருக்கலாம். இரண்டு வருஷமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் போனில் சீரியல் பார்ப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்ததெல்லாம் பைத்தான் என்கிற கணினி மொழிப் பாடம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். “சரி, 7ஆம் தேதி வரைக்கும் பாரு. கைவசம் இருக்குத எல்லாத்தையும் போட்டு எண்ணிக்கையச் சரிக்கட்டு” என்றார்.

ஜனவரி 9, வியாழன்

பட்டியல் போட்டேன். பழைய ஹார்ட் டிஸ்கில் முப்பத்தைந்துதான் தேறியது. கைவசம் இருந்த இன்னொன்றைச் சேர்த்தேன். கோப்பு 27, ‘கெளம்பியாச்சு’, சிறுகதைகள். எழுதியவர் பெயர் போட விரும்பவில்லை.

அண்ணாச்சி ‘எல்லாத்தையும்’ என்றுதான் சொன்னார். இருந்தது, போட்டேன். இதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். காலை ஏழரைக்குப் பொங்கல் பொங்கியது, பதினொன்றரைக்கு என் கோடு பொங்கியது.

இரண்டாவதைத்தான் எழுத வேண்டும். ஒரு பக்கம் பழைய கோப்பைப் போட்டேன். அது பழைய எழுத்தை உண்மையான தமிழாக மாற்றி, அத்தியாயம் பிரித்து, பொருளடக்கம் கட்டி, பக்க எண் போட்டு, மறுபக்கம் பிடிஎஃப்பாகத் தள்ளியது. இருநூற்றுப் பதினாறு பக்கம், பதினெட்டு விநாடி. இதே புத்தகத்தை 2009இல் நான் கையால் கட்டியபோது ஒன்பது நாள் ஆனது, கழுத்து வலிக்கு எண்ணெய் தேய்த்தது தனி.

சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல. இவர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். மின்வாரியத்தில் இருப்பவர், அவருக்கு லீவு நாளில் டிவிதான் உலகம்.

“என்ன, கம்ப்யூட்டரு ஜோக்கு சொல்லுதா?”

“பதினெட்டு விநாடி” என்றேன்.

“என்னது?”

“ஒண்ணுமில்ல. சர்க்கரப் பொங்கல் இன்னும் கொஞ்சம் போடவா?”

எங்கள் வீட்டில் பெரிய சந்தோஷம் எல்லாம் இப்படித்தான் முடியும்.

ஜனவரி 17, வெள்ளி

முதல் புத்தகத்தை எபனேசர் சாருக்கு அனுப்பியிருந்தேன். மதியம் கூப்பிட்டார்.

“மேடம், தமிழ் பேசுது.”

அந்த மூன்று வார்த்தையை அவர் சொன்ன விதத்துக்கு, நாள் முழுக்க வேறு எதுவும் சாப்பிட வேண்டாம் போலிருந்தது. ஆனால் வாத்தியார் இல்லையா, சும்மா விடுவாரா.

“ஒரு சந்தேகம். இந்தக் கெ-ள-ரிங்கது யாரு?”

“அப்படி யாரும் இல்லியே சார்.”

“முப்பதாம் பக்கத்துல கெ-ள-ரி வாராங்க. அவங்க வீட்டுக்காரரு மெ-ள-னமா இருக்காரு.”

போய்ப் பார்த்தேன். கௌரி என்றுதான் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கௌரிதான். கோப்பின் உள்ளே போய் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. யாரோ அந்தக் காலத்தில் ‘கெ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து நின்றால் ‘கௌ’ மாதிரியே இருக்கும். இதோ எழுதுகிறேன்: கெளரி, கௌரி. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. காது மட்டும் கண்டுபிடித்துவிடுகிறது.

அந்த ‘யாரோ’ யார் என்று 2009 பதிவேட்டில் இருக்கும். நான் போய்ப் பார்க்கவில்லை. 2009இல் இங்கே தட்டச்சு செய்தது ஒரே ஆள்தான்.

ஜனவரி 20, திங்கள்

‘ள’ பிரச்சினைக்கு விதி எழுதிவிட்டேன். ஒற்றைக்கொம்பு போட்ட எழுத்துக்குப் பக்கத்தில் ‘ள’ நின்றால், இரண்டையும் சேர்த்து ஔ ஆக்கிவிடு. ஆனால் அந்த ‘ள’வுக்குப் புள்ளியோ கொக்கியோ சுழியோ கால் துணையோ இருந்தால் தொடாதே. இதனால் வெளி, தெளிவு, வெள்ளம், கெளுத்தி மீன் எல்லாம் தப்பிக்கும். கெளுத்தி வரை யோசித்தேன் பாருங்கள். இந்த ஊரில் வேறு யாருக்கு இது தோன்றும்?

மூன்று வரிக் கோடு. அதை நான் பத்துத் தடவை படித்துப் பார்த்தேன், பிழை தேடுவதற்காக மட்டும் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

முப்பத்தாறு புத்தகம். பதினோரு நிமிஷம்.

அண்ணாச்சியைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் ஓடவிட்டேன். திரையில் ஒவ்வொரு பெயராக மேலே ஏறி ஏறிப் போக, அவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“மாவு மிஷின்லா இது! இங்கன அரிசியப் போட்டா அங்கன மாவு.”

அதிலிருந்து ‘மாவு மிஷின்’ என்றே பெயராகிவிட்டது. நான் வைத்திருந்த பெயர் வேறு, பரவாயில்லை. அண்ணாச்சி தன் கையாலேயே எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் டீ. சர்க்கரை தூக்கலாக இருந்தது, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

ஜனவரி 25, சனி

இன்று நான் ஆபீசுக்குள் நடந்த நடையே வேறு. எனக்கே தெரிந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முப்பத்தாறையும் போன வாரமே எபனேசர் சாருக்கு அனுப்பியிருந்தேன். 7ஆம் தேதிக்கு முன்னால் அவர் சும்மா மேய்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். மூன்று மணிக்குக் கூப்பிட்டார்.

“மேடம், இருபத்தேழாம் நம்பர் கேட்டேன்.”

டீ கிளாஸை மேசையில் வைத்தேன். “ஏன் சார்?”

“பேரக் கேட்டதுமே சிரிப்பு வந்துட்டு. கவும்பியாச்சுங்குது. அது என்ன, பக்கத்து நாட்டுப் பாஷையா?”

“கெளம்பியாச்சு சார். கெளம்பிட்டேன்னு சொல்லுவோம்லா, அது.”

“அப்ப மிஷின் தின்னுட்டு. உள்ளயும் இப்படித்தான். நாலாவது கதையில ‘வவ்க்கப் பொருத்தி வச்சிட்டு’ன்னு ஒண்ணு வருது. எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

“வெளக்கு சார். ‘வெளக்கப் பொருத்தி வச்சிட்டுக் கெளம்புதேன், பின்னால ஒரு கொரல், ஏட்டி ரசத்துல உப்பு போட்டியா’. அப்படித்தான் இருக்கும்.”

நான் சொன்ன வரியை அவர் ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

“மேடம், புத்தகம் முன்னாடி தொறந்து வச்சிருக்கியளா?”

“இல்ல சார். டீ குடிச்சிட்டிருக்கேன்.”

“ம்” என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், “இதுக்கு ஆசிரியர் பேரு ஏன் போடல?”

“அவங்க வேண்டாம்னுட்டாங்க.”

“அப்படியா. அவங்க பேசுதது எனக்கு நல்லாப் பழக்கப்பட்ட கொரலாட்டம் இருக்கு. போனுல கேட்ட கொரலு. பாதி வார்த்தையக் கெடுத்துப் போட்டும், ஒரே மூச்சுல ஏழு கத கேட்டேன் மேடம். நல்லா எழுதியிருக்காங்க. பாத்தா சொல்லுங்க.”

“சொல்லுதேன்” என்று வைத்துவிட்டேன்.

சரி. இனி இந்த நோட்டிலாவது உள்ளதைச் சொல்கிறேன். கோப்பு 27 நான் எழுதியது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், பெயர் போடாமல், ஜங்ஷன் தபாலாபீஸிலிருந்து இந்தப் பதிப்பகத்துக்கே அனுப்பினேன். தபாலைப் பிரித்ததும் நான்தான், அண்ணாச்சி மேசையில் வைத்ததும் நான்தான். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “வீட்டுல பேசுதத அப்படியே எழுதி வச்சா அது புத்தகமா? திருப்பி அனுப்பிரு” என்றார். திருப்பி அனுப்ப விலாசம் இல்லை. வீட்டுக்கு எடுத்து வந்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்று இவரிடம் சொன்னேன். அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் கோப்பு 27ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். பத்து மணிக்குத் திரும்பவும் சேர்த்தேன்.

எடுத்ததற்குக் காரணம் எளிது. குழு அதைத் தேர்ந்தெடுத்து, அது ‘கவும்பியாச்சு’ என்று உளறினால் மற்ற முப்பத்தைந்தும் சேர்ந்து விழும், வேலையும் சென்னைக்குப் போகும். அதன் இடத்தில் அச்சுப் பிரதி மட்டும் இருக்கிற பழைய சமையல் குறிப்பு ஒன்றைத் தட்டிப் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எபனேசர் சாருக்கு மட்டும் தெரியும். அவர் கேட்கவும் மாட்டார். அவர் கேட்கமாட்டார் என்பதுதான் பொறுக்கவில்லை.

திரும்பச் சேர்த்ததற்குக் காரணம் கோபம். நானே எழுதிய விதி, நானே எழுதிய கதையைத் தின்றிருக்கிறது. கெளுத்தி வரை யோசித்த எனக்கு, வாயைத் திறந்தால் வருகிற ‘கெளம்பு’ தோன்றவில்லை. பத்தொன்பது வருஷம் மற்றவர்கள் புத்தகத்தைக் கட்டினால் சொந்த வாய் மறந்துவிடும் போல.

மிஷினிடம், நீ ஔ ஆக்கிய சொல்லையெல்லாம் வரிசையாக எழுதிக் கொடு என்றேன். கொடுத்தது. மொத்தம் 118 சொல். உட்கார்ந்து பிரித்தேன். மௌனம், கௌரவம், பௌர்ணமி, வௌவால், திரௌபதி என்று 71 சொல் நியாயமானவை. மீதி 47ம் தப்பு: கெளம்பு, வெளக்கு, வெளயாட்டு, கெளவி. அந்த நாற்பத்தேழும் ஒரே புத்தகத்தில்தான் வருகின்றன. முப்பத்தைந்து புத்தகத்தில் ஒரு மனுஷன்கூடக் கெளம்பவில்லை. எல்லாரும் புறப்பட்டார்கள், கொஞ்சம் இறங்கி வந்தவர்கள் கிளம்பினார்கள்.

இதைப் பார்த்ததும் என்னமோ தலை நிமிர்ந்தது.

பிப்ரவரி 5, புதன்

விதியைத் தலைகீழாகத் திருப்பினேன். இனி மிஷின் தானாக எதையும் ஔ ஆக்காது. என் பட்டியலில் இருக்கிற 71 சொல்லில் ஒன்று வந்தால் மட்டும்தான் தொடும். தெரியாத சொல் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு என்னிடம் கேட்கும். எழுதியவர் எழுதினபடி விடு, உனக்குத் தெரியாததெல்லாம் பிழை என்று நினைக்காதே. மிஷினுக்குச் சொன்னேன். சில மனிதர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

முப்பத்தாறையும் முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன். பழையபடி பதினோரு நிமிஷம். கையால் கட்டியிருந்தால் இந்த ஒரு ‘ள’வுக்காக மூன்று மாசம் குனிந்திருப்பேன். தப்பு செய்தாலும் பதினோரு நிமிஷத்தில் எழுந்து நிற்கலாம் என்பது எனக்கு இந்த வயதில் கிடைத்த பெரிய சொத்து.

அப்புறம் இயர்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, 27ஐ முதல் பக்கத்திலிருந்து கேட்டேன். இதுவரை ஒரு புத்தகத்தையும் நான் காதால் சரிபார்த்ததில்லை. ரசத்தில் உப்பு வந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. பரமு, “என்ன மைனி, சீரியலா?” என்றான். ஆமா என்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஆசிரியர் பெயர்க் கட்டத்தில் இரண்டு முறை தட்டினேன், இரண்டு முறை அழித்தேன். வெறுமையாக விட்டிருக்கிறேன். நாளைக்கு நீலப் புடவை.

பிப்ரவரி 7, வெள்ளி

பத்தரைக்கு வந்தார்கள். எபனேசர் சார், ஒரு வங்கியில் வேலை பார்க்கும் பெரியவர், கல்லூரியில் பாடம் எடுக்கும் மரியசெல்வி என்கிற பெண். மூவருக்குமே பார்வை இல்லை. எபனேசர் சார் நான் கற்பனை செய்ததைவிடக் குட்டை. வணக்கம் சொன்னதும் என் பக்கம் திரும்பி, “மேடம், கெளம்பி வந்தாச்சு” என்றார். அண்ணாச்சிக்கு ஏன் நான் சிரித்தேன் என்று புரியவில்லை.

வங்கிக்காரர் பாலங்கள் புத்தகத்தைக் கேட்டார். கால் மணி நேரம் இங்கேயும் அங்கேயும் தாவிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. எபனேசர் சார் ஒரு ஆன்மிகப் புத்தகத்தை எடுத்தார். ஔ ஓசை அதிகம் உள்ளதாகப் பார்த்து வேண்டுமென்றே எடுத்திருக்கிறார். திரௌபதியும் கௌதமரும் அழகாக வந்தார்கள். “சுத்தம்” என்றார்.

மூன்றாவது மரியசெல்வியின் முறை. பட்டியலைப் போன் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டே வந்தவள், “கெளம்பியாச்சா? இது என்ன பேரு, இதப் போடுங்க” என்றாள்.

போனைப் பெரிய ஸ்பீக்கரோடு இணைத்திருந்தோம். கதை அறை முழுக்க ஓடியது. ஒரு ‘வெளக்கு’ பிசகவில்லை. உப்பு வந்த இடத்தில் மரியசெல்வி வாய்விட்டுச் சிரித்தாள், வங்கிக்காரர் தொடையில் தட்டினார். அண்ணாச்சியைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் குனிந்து, “ஏ வடிவு, இத நாம எப்பப் போட்டோம்? எனக்கு ஞாபகமே இல்லியே. நல்லாருக்கு!” என்றார்.

ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

கதை முடிந்ததும் மரியசெல்வி போனைத் தடவி முதல் பக்கத்துக்குப் போனாள். “ஆசிரியர் பேரு வாசிக்க மாட்டேங்குது. காலியா இருக்கு. பேரில்லாத புத்தகத்த எங்க நூலகத்துல சேக்க முடியாது, அது விதி. மூணுல ஒண்ணு நின்னாலும் எல்லாம் நிக்கும்னுதான பேச்சு?”

அண்ணாச்சியின் முகம் மாறியது. “யாரு எழுதுனது வடிவு? பேரப் போடாம விட்டிருக்கியே.”

எபனேசர் சாருக்குப் பதில் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. நான் உட்கார்ந்திருந்த திசைக்கு முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக் காத்திருந்தார்.

எழுந்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். கட்டத்தில் பெயரைத் தட்டினேன், விசை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது, இத்தனை வருஷத்தில் அப்படி ஆனதே இல்லை. ஓடவிட்டேன். சின்னப் புத்தகம், ஒன்பது விநாடி. மரியசெல்வியின் போனுக்கு அனுப்பினேன்.

ஸ்பீக்கரில் அந்த மிஷின் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது: “கெளம்பியாச்சு. சிறுகதைகள். ஆசிரியர், சங்கரவடிவு.”

அண்ணாச்சி ஸ்பீக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எந்த சங்கரவடிவு?”

“இந்த சங்கரவடிவுதான் அண்ணாச்சி. பதினோரு வருஷம் முன்னாடி தபால்ல வந்துச்சு. நீங்க திருப்பி அனுப்பச் சொன்னிய.”

அவருக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “அன்னைக்கு ரெண்டு பக்கந்தான் படிச்சேன் தாயி” என்றார். மன்னிப்பு என்று வேறெதையும் அவர் கேட்கவில்லை. எனக்கு அது போதும். இல்லை, பொய் சொல்வானேன், போதாது. ஆனால் நன்றாக இருந்தது.

முப்பத்தாறும் எடுத்துக்கொண்டார்கள். சென்னைக்காரனுக்கு அண்ணாச்சி என் கண் முன்னாலேயே போன் போட்டு, “நம்ம வடிவே பாத்துக்கிடுவா” என்றார். எபனேசர் சார் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, “அந்த அம்மாட்ட நான் சொன்னதச் சொல்லிட்டியளா?” என்றார். சொல்லிவிட்டேன் என்றேன்.

பிப்ரவரி 8, சனி

காலையில் இவரிடம் சொல்வதற்கு ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்தேன். தோசை ஊற்றிக்கொண்டே, “ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஒரு புத்தகம் எழுதியிருக்கேன்” என்றேன்.

“தெரியும்” என்றார், சட்னியைத் தொட்டுக்கொண்டே.

“என்ன தெரியும்?”

“கட்டிலுக்கு அடியில பெட்டியில கெடக்கே. மூணு தடவ படிச்சிட்டேன்.”

தோசை கருகியது. “ஏன் சொல்லல?”

“நீ சொல்லலியே. சொல்லும்போது சொல்லுவன்னு இருந்தேன்.” அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், “எட்டாவது கதையில வாரவன் நாந்தான? நெசமா நான் அவ்வளவு கொறட்டையா விடுதேன்?”

விடுகிறார். இரண்டாம் பதிப்பு வந்தாலும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதாக இல்லை.